பூனை எண் 400: கம்பெனி டாக்டர் ஹோசோகாவா மறைத்ததும் சொன்னதும்

மினமாட்டா என்றதும் பலருக்கு ஜானி டெப் நடித்த படம்தான் ஞாபகம் வரும். அதன் நாயகன் யூஜின் ஸ்மித், அமெரிக்கப் புகைப்படக் கலைஞர். அவர் கேமராவோடு அந்த ஜப்பானியக் கடலோர ஊரில் வந்து இறங்கியது 1971-ல். அதற்கு 12 வருடம் முன்பே, அந்த ஊர் மக்களின் மூளையை எது அழிக்கிறது என்று ஒருவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் அதே ஊரில், விஷத்தைக் கடலில் கொட்டிய அதே கம்பெனியில் சம்பளம் வாங்கிய டாக்டர். பெயர் ஹஜிமே ஹோசோகாவா.

நோயை அரசுக்கு முதலில் தெரிவித்தவர் அவர்தான். காரணம் எங்கிருந்து வருகிறது என்று காட்டும் பரிசோதனையைச் செய்தவரும் அவர்தான். அந்த முடிவு வெளியே போகாமல் இருந்ததற்குப் பொறுப்பானவர்களில் ஒருவரும் அவரே. மூன்றும் எப்படி ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தன?

கம்பெனி வளர்த்த ஊர்

ஹோசோகாவா பிறந்தது 1901-ல், ஷிகோகு தீவின் எஹிமே மாகாணத்தில். டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1927-ல் வெளியே வந்தார். 1930-களில் நிப்பான் சிஸ்ஸோ என்ற ரசாயன நிறுவனத்தின் மருத்துவமனை வேலையில் சேர்ந்தார். அப்போது ஜப்பானின் பிடியில் இருந்த கொரியாவில் முதல் போஸ்டிங். பிறகு 1941-ல் கியூஷு தீவிலுள்ள மினமாட்டா ஆலையின் மருத்துவமனைக்கு வந்தார். போரின்போது ராணுவ மருத்துவராகப் போய், போர் முடிந்தபின் திரும்பி வந்து அதே மருத்துவமனைக்குத் தலைமை மருத்துவரானார்.

மினமாட்டா அப்போது ஏறக்குறைய 50,000 பேர் வாழ்ந்த ஊர். 1908-ல் வந்த ஆலைதான் ஊருக்கே சோறு போட்டது என்று சொன்னால் மிகையில்லை. ஆலைத் தொழிலாளி, ஆலைக்குச் சரக்கு ஏற்றுபவர், ஆலைத் தொழிலாளிக்குக் காய்கறி விற்பவர் என்று எல்லாம் ஒரே சங்கிலி. நகராட்சியின் வரி வருவாயில் பெரும்பங்கு ஆலையிடமிருந்து வந்தது. இன்னொரு தகவல் கேளுங்கள். அந்த ஆலையில் அசிட்டால்டிஹைடு தயாரிக்கும் முறையை உருவாக்கிய பொறியாளர் ஹிகோஷிச்சி ஹாஷிமோட்டோ. பிற்பாடு அவரே மினமாட்டாவின் மேயர். நோய் வெடித்த 1956-லும் அவர்தான் மேயர்.

அசிட்டால்டிஹைடு என்றால் என்ன, அது எதற்கு? பிளாஸ்டிக், வினிகர் அமிலம், இன்னும் பல பொருட்களுக்கு அதுதான் அடிப்படை மூலப்பொருள். மினமாட்டாவில் 1932 முதல் அதைத் தயாரித்தார்கள். அசிட்டிலீன் வாயுவோடு வினை நடக்க, கிரியாஊக்கியாகப் பாதரச சல்பேட்டைச் சேர்ப்பார்கள். அந்த வினைக்கலனுக்குள்ளேயே, யாரும் கேட்காமல், கொஞ்சம் மெத்தில் பாதரசமும் உருவானது. கழிவுநீரோடு அது நேராக விரிகுடாவுக்குப் போனது.

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை விவகாரத்துக்குப் பிறகு பாதரசம் என்ற வார்த்தை நமக்கும் புதிதல்ல. ஆனால் தெர்மாமீட்டருக்குள் உருளும் உலோகப் பாதரசம் வேறு, மெத்தில் பாதரசம் வேறு. உலோகப் பாதரசத்தின் ஆவி ஆபத்து. அதைச் சுவாசித்தால் பாதிப்பு. மெத்தில் பாதரசம் சாப்பாடு வழியாக வரும். கடலில் நுண்ணுயிர், சின்ன மீன், பெரிய மீன் என்று ஒவ்வொரு படியிலும் செறிவு ஏறிக்கொண்டே போகும். உடலுக்குள் போனதும் ஓர் அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கொண்டு, நமக்குத் தேவையான சத்துபோல வேஷம் போடும். மூளையைச் சுற்றி இருக்கும் காவல் அடுக்கு அதைச் சத்து என்று நம்பி உள்ளே விட்டுவிடும். கர்ப்பிணியின் நஞ்சுக்கொடியும் அப்படியே விடும்.

மே 1, 1956

1956 ஏப்ரலில் ஆலை மருத்துவமனைக்கு ஒரு சிறுமியைக் கொண்டுவந்தார்கள். வயது 6 ஆகவில்லை. நடக்க முடியவில்லை, பேச்சு குழறியது, வலிப்பு. சில நாட்களில் அவளுடைய தங்கைக்கும் அதே அறிகுறிகள். பக்கத்து வீடுகளிலும் இப்படி ஆட்கள் இருக்கிறார்கள் என்று அம்மா சொன்னார். ஹோசோகாவாவின் டீம் வீடு வீடாகப் போய்ப் பார்த்தது. இருந்தார்கள்.

மே 1 அன்று ஹோசோகாவா உள்ளூர் சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்தார். மத்திய நரம்பு மண்டலத்தைத் தாக்கும், காரணம் தெரியாத நோய் பரவுகிறது என்பதுதான் செய்தி. மினமாட்டா நோய் அதிகாரப்பூர்வமாகக் கண்டுபிடிக்கப்பட்ட நாள் என்று இன்றும் இதையே சொல்கிறார்கள்.

முதலில் தொற்றுநோய் என்று சந்தேகப்பட்டார்கள். நோயாளிகளைத் தனிமை வார்டுக்கு மாற்றினார்கள், வீடுகளுக்கு மருந்து தெளித்தார்கள். தொற்று இல்லை என்று தெரிந்த பிறகும் அக்கம்பக்கத்தின் பார்வை மாறவில்லை. அந்தக் குடும்பத்தோடு யாரும் பேசமாட்டார்கள், கடையில் அவர்கள் கையிலிருந்து காசு வாங்கத் தயங்குவார்கள். கோவிட் முதல் அலையில் வாசலில் தகரம் அடிக்கப்பட்ட வீடுகளை ஞாபகம் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த வருடம் அக்டோபருக்குள் 40 நோயாளிகள் கண்டறியப்பட்டிருந்தார்கள். அதில் 14 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். எல்லாரும் விரிகுடா மீனை நிறையச் சாப்பிடும் மீனவக் குடும்பங்கள். மனிதர்களுக்கு முன்பே பூனைகளுக்கு நோய் வந்திருந்தது. மீன் குப்பையைத் தின்ற பூனைகள் தள்ளாடி, சுற்றிச் சுற்றி ஓடி, கடலில் விழுந்து செத்தன. நடனமாடும் பூனை நோய் என்றே ஊரில் அதற்குப் பெயர்.

மீன்தான் வழி என்பது சீக்கிரமே புரிந்துவிட்டது. மீனுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியத்தான் 3 வருடம் ஆனது. குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாங்கனீசு, செலினியம், தாலியம் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுத் தள்ளினார்கள். ஆலைக்குள் என்னென்ன ரசாயனம் ஓடுகிறது என்ற பட்டியலை யாரும் அவர்கள் கையில் கொடுக்கவில்லை. கடைசியில் வழி காட்டியது இங்கிலாந்திலிருந்து வந்த பழைய மருத்துவக் கட்டுரை. மெத்தில் பாதரசத்தைக் கையாண்ட தொழிலாளர்களுக்கு வந்த பாதிப்பை ஹண்டர், ரஸ்ஸல் உள்ளிட்டோர் 1940-ல் பதிவு செய்திருந்தார்கள். கைகால் மரத்துப்போதல், தள்ளாட்டம், பேச்சுக் குழறல், குழாய் வழியாகப் பார்ப்பதுபோலப் பார்வை சுருங்குதல். மினமாட்டா நோயாளிகளிடம் பார்த்ததும் அதேதான். 1959 ஜூலை 22 அன்று குமமோட்டோ குழு அறிவித்தது: காரணம் கரிமப் பாதரசம்.

ஒரு பூனை, இரண்டரை மாதம்

குமமோட்டோ குழு அறிவித்ததற்கு முந்தைய நாள்தான், ஜூலை 21 அன்று, ஹோசோகாவா தன் மருத்துவமனையில் ஒரு வேலையைத் தொடங்கினார். அவர் ஏற்கெனவே பல நூறு பூனைகளை வைத்துப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். விரிகுடா மீன், மட்டி, விதவிதமான ரசாயனங்கள் என்று கொடுத்துப் பார்த்தாயிற்று. இந்த முறை சுற்றி வளைக்கவில்லை. அசிட்டால்டிஹைடு பிரிவிலிருந்து வரும் கழிவுநீரையே நேரடியாக எடுத்து, தினமும் சுமார் 20 கிராம், சாப்பாட்டில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்தார். அதுதான் எண் 400.

அக்டோபர் முதல் வாரத்தில் அந்தப் பூனை தள்ளாடியது. வலிப்பு வந்தது. சுற்றி ஓடிச் சுவரில் மோதியது. அக்டோபர் 24 அன்று அதைக் கொன்று, உறுப்புகளைக் கியூஷு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். சிறுமூளையில் செல்கள் அழிந்திருந்தன. மீனவர்களின் மூளையில் நோயியல் நிபுணர்கள் பார்த்த அதே சேதம்.

இதில் மீன் இல்லை, கடல் இல்லை, வேறு ஆலை இல்லை. ஒரு குழாய், ஒரு பூனை, அவ்வளவுதான்.

ஹோசோகாவா தகவலை ஆலையின் தொழில்நுட்பப் பிரிவு அதிகாரிகளிடம் கொண்டுபோனார். ஒற்றைப் பூனையை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பது அவர்கள் பதில். அறிவியல்ரீதியாக அது முழுப் பொய்யும் இல்லை, ஒரே ஒரு விலங்கை வைத்து யாரும் முடிவுக்கு வர மாட்டார்கள். ஆனால் அப்படிக் கவலை இருந்தால் அடுத்த 10 பூனைக்குக் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் செய்தது நேர்மாறு. நவம்பர் முடிவதற்குள் கழிவுநீர்ப் பரிசோதனையையே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். முடிவு வெளியே போகவில்லை.

இமேஜ் மேனேஜ்மென்ட், 1959 ஸ்டைல்

அந்த மூன்று மாதங்களில் கம்பெனி என்னவெல்லாம் செய்தது என்று பார்த்தால், பிஆர் வகுப்பில் பாடமாக வைக்கலாம். முதல் வேலை, சந்தேகத்தைக் கிளப்புவது. போர்க்காலத்தில் கடலில் கொட்டிய வெடிபொருள்தான் காரணம் என்று ஜப்பான் ரசாயனத் தொழில் சங்கத்தைச் சேர்ந்தவர் சொன்னார். அழுகிய மீனிலிருந்து வரும் அமீன்கள் காரணமாக இருக்கலாம் என்று டோக்கியோ தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் சொன்னார். குமமோட்டோ பல்கலைக்கழகம் சொல்வது பல கருத்துகளில் ஒன்று என்று பேப்பர் படிப்பவர்களுக்குத் தோன்றினால் போதும். யாரும் எதையும் மறுக்கத் தேவையில்லை, குழப்பினால் போதும். சிகரெட் கம்பெனிகள் அதே காலகட்டத்தில் அமெரிக்காவில் செய்ததும் ஏறக்குறைய இதுதான்.

நவம்பர் 2 அன்று கோபம் தாங்காமல் மீனவர்கள் ஆலைக்குள் புகுந்து அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். நவம்பர் 12 அன்று சுகாதார அமைச்சகத்தின் ஆலோசனைக் குழு, விரிகுடா மீனிலுள்ள கரிமப் பாதரசம்தான் முக்கியக் காரணம் என்று அறிக்கை கொடுத்தது. பாதரசம் எங்கிருந்து வந்தது என்று அறிக்கையில் ஒரு வார்த்தை இல்லை. அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டிய சிறப்புப் பிரிவையும் உடனே கலைத்துவிட்டார்கள்.

அடுத்து வந்ததுதான் மாஸ்டர் ஸ்ட்ரோக். டிசம்பர் 24 அன்று ஆலையில் சைக்ளேட்டர் என்ற கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரத்துக்குத் திறப்பு விழா. கம்பெனித் தலைவர் கிய்சி யோஷியோகா, விருந்தினர்கள் முன்னால், சுத்திகரித்த நீர் என்று ஒரு கிளாஸ் தண்ணீரைக் குடித்துக் காட்டினார். ஊர் நிம்மதியானது. ஆனால் பிரச்சினைக்குக் காரணமான அசிட்டால்டிஹைடு கழிவுநீர் அந்த இயந்திரம் வழியாகவே போகவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது. கரைந்த மெத்தில் பாதரசத்தை நீக்குவதற்காக அதை வடிவமைக்கவும் இல்லை.

ஆறு நாள் கழித்து, டிசம்பர் 30. நோயாளிக் குடும்பங்களோடு ஓர் ஒப்பந்தம். இழப்பீடு என்ற சொல்லைக் கம்பெனி தவிர்த்தது, அனுதாபத் தொகை என்று பெயர் வைத்தது. இறந்தவருக்கு 3 லட்சம் யென். பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம், குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 30,000. கூடவே ஒரு ஷரத்து: எதிர்காலத்தில் ஆலைக் கழிவுதான் காரணம் என்று தெரியவந்தாலும், அந்தக் குடும்பங்கள் புதிதாக எதையும் கேட்கக் கூடாது. ஆண்டு முடிகிறது, வீட்டில் காசில்லை, மீன் விற்க வழியில்லை. கையெழுத்துப் போட்டார்கள்.

பூனை 400-ன் முடிவு அப்போது கம்பெனியிடம் இரண்டு மாதமாக இருந்தது. அந்த ஷரத்தை இந்தத் தேதியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

பேசாமல் இருந்த வருடங்கள்

ஹோசோகாவா ராஜினாமா செய்யவில்லை. பத்திரிகைக்குப் போகவில்லை. குமமோட்டோ குழுவிடமும் சொல்லவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டு, 1960-ல் பரிசோதனையை மறுபடி தொடங்கக் கம்பெனியைச் சம்மதிக்க வைத்தார். இன்னும் பூனைகளுக்குக் கழிவுநீர் கொடுத்தார்கள், இன்னும் பூனைகளுக்கு அதே நோய். ஆலையின் சொந்த ஆய்வகமே கழிவுநீரில் மெத்தில் பாதரசத்தைப் பிரித்தெடுத்தது. அதுவும் பீரோவுக்குள் போனது. 1962-ல் ஓய்வு பெற்று எஹிமேவுக்குத் திரும்பிவிட்டார்.

அவர் ஏன் சொல்லவில்லை? ஒரு பூனை போதாது என்று அவரே ஓரளவு நம்பியிருக்கலாம். அந்தக் கால ஜப்பானில் கம்பெனி என்பது வேலை மட்டுமல்ல, அவர் வாழ்க்கையின் பாதி. விசில்ப்ளோயர் சட்டம் என்ற பேச்சே அப்போது கிடையாது. பூனை கம்பெனியுடையது, ஆய்வகம் கம்பெனியுடையது, சம்பளம் கம்பெனியுடையது. உங்கள் ஆபீஸ் லேப்டாப்பில் இருக்கும் ஒரு ஃபைல் யாருடையது என்ற கேள்வியை நினைத்துப் பாருங்கள், அவர் நின்ற இடம் கொஞ்சம் புரியும்.

புரிவதும் ஏற்பதும் வேறு வேறு. அவர் டாக்டர். அவரிடம் வந்த நோயாளிகள் அந்தக் கடலின் மீனைத் தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 1962-ல், கருவிலேயே பாதிக்கப்பட்டுப் பிறந்த 16 குழந்தைகளுக்கு மினமாட்டா நோய் என்று உறுதி செய்தார்கள். அதுவரை அவர்களைச் சாதாரண மூளை முடக்குவாதம் என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். அம்மாக்களுக்குப் பெரிதாக அறிகுறி இல்லை. விஷத்தைக் கரு இழுத்துக்கொண்டுவிட்டது. இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் 1959-க்கு முன்பே பிறந்தவர்கள், அதனால் இதற்கான பழியை நேராக அவர் தலையில் போட முடியாது. ஆனால் 1959-க்குப் பிறகும் குழாய் மூடவில்லை.

ஆபத்து மினமாட்டாவோடு நிற்கவும் இல்லை. 1965-ல் நீகாட்டா மாகாணத்தின் அகானோ ஆற்றங்கரையில் அதே நோய். அங்கே ஷோவா டென்கோ என்ற வேறொரு கம்பெனி, அதே அசிட்டால்டிஹைடு, அதே பாதரசம். அங்கு மட்டும் 700-க்கும் மேற்பட்டோர் பின்னர் நோயாளிகளாக அங்கீகரிக்கப்பட்டார்கள். 1959-ல் பூனை 400-ன் முடிவு வெளியாகி, நாடு முழுக்க அந்த வகை ஆலைகளைச் சோதித்திருந்தால் நீகாட்டா தப்பித்திருக்கலாம். அதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அந்த வாய்ப்பு இருந்தது. ஓய்வில் இருந்த ஹோசோகாவா அந்த வருடமே நீகாட்டாவுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்தார். 60 வயதைத் தாண்டிய மனிதர், யாரும் அனுப்பாமல் கிளம்பிப் போயிருக்கிறார் என்றால், மனதில் ஏதோ அரித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஜுன் உய் என்ற இளம் பொறியியல் ஆய்வாளர் பூனைப் பரிசோதனைகளின் தடத்தைப் பிடித்து அவரைத் தேடி எஹிமேவுக்கு வந்தார். ஹோசோகாவா மறைக்கவில்லை, நடந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டார். சிஸ்ஸோ 1968 மே மாதம் அசிட்டால்டிஹைடு தயாரிப்பை நிறுத்தியது. விஷத்துக்குப் பயந்து அல்ல, அந்தத் தொழில்நுட்பம் பழசாகிவிட்டது. நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் 26 அன்று, ஆலைக் கழிவுதான் காரணம் என்று ஜப்பான் அரசு அறிவித்தது. இழப்பதற்கு எதுவும் மிச்சமில்லாத நேரமாகப் பார்த்து வந்த அறிவிப்பு.

ஜூலை 4, 1970

1969 ஜூனில் 112 பேர் சிஸ்ஸோ மீது குமமோட்டோ மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். கம்பெனியின் வாதம் எளிமையானது: அந்தக் காலத்தில் இப்படி ஆகும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? சட்டத்தில் இது கனமான வாதம். முன்கூட்டியே தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்றால் அலட்சியம் என்று சொல்ல முடியாது. இதை உடைக்க ஒரு சாட்சி வேண்டும், அதுவும் ஆலைக்குள் இருந்தவர் வேண்டும்.

ஹோசோகாவா அப்போது டோக்கியோவில் புற்றுநோய் மருத்துவமனையில் இருந்தார். நுரையீரல் புற்றுநோய். எழுந்து குமமோட்டோ போகும் நிலை இல்லை. அதனால் நீதிபதியும் இரண்டு தரப்பு வழக்கறிஞர்களும் அவருடைய கட்டிலுக்கு வந்தார்கள். எந்தக் கழிவுநீர், எத்தனை நாள், எப்போது வலிப்பு, யாரிடம் சொன்னார், யார் நிறுத்தச் சொன்னார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னார். தன் கம்பெனிக்கு எதிராகச் சொன்ன சாட்சியம்தான் அது, ஆனால் இவ்வளவு காலம் வாய் திறக்காத தனக்கு எதிராகவும்தான். மூன்று மாதம் கழித்து, அக்டோபர் 13 அன்று இறந்துபோனார்.

தீர்ப்பு வந்தது 1973 மார்ச் 20 அன்று. சிஸ்ஸோவின் அலட்சியம் நிரூபணமானது. 1959-ன் அனுதாபத் தொகை ஒப்பந்தம், மக்களின் அறியாமையையும் வறுமையையும் பயன்படுத்திக்கொண்டது, பொது ஒழுங்குக்கு விரோதமானது, செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. இறந்தவர்களுக்கும் மோசமாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் 1.8 கோடி யென் வரை இழப்பீடு. தண்ணீர் குடித்துக் காட்டிய யோஷியோகாவும் அன்றைய ஆலை மேலாளரும் குற்றவாளிகள் என்பதை ஜப்பான் உச்ச நீதிமன்றம் 1988-ல் உறுதி செய்தது.

மினமாட்டா பகுதியில் அதிகாரப்பூர்வமாக நோயாளி என்று சான்று பெற்றவர்கள் 2,200-க்கும் மேல். சான்று கிடைக்காமல் வழக்கு நடத்துபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2023 செப்டம்பரில் ஒசாகா மாவட்ட நீதிமன்றம் அப்படிப்பட்ட 128 பேருக்கு ஆளுக்கு 27.5 லட்சம் யென் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது.

ஹோசோகாவா சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் சொன்ன மே 1-ல்தான் மினமாட்டாவில் ஆண்டுதோறும் நினைவஞ்சலி நடக்கிறது. 2024-ல் அந்த நாளில், சுற்றுச்சூழல் அமைச்சர் எதிரில் உட்கார்ந்திருக்க, பாதிக்கப்பட்டவர்கள் பேச ஆளுக்கு 3 நிமிடம் கொடுத்தார்கள். நோயோடு வாழ்ந்து இறந்த மனைவியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த முதியவருக்கு 3 நிமிடம் தாண்டியதும், அமைச்சக ஊழியர்கள் மைக்கை அணைத்தார்கள். ஒரு வாரம் கழித்து அமைச்சர் மினமாட்டாவுக்கே மறுபடி போய், நேரில் மன்னிப்புக் கேட்டார்.